ரீஜென்சி காதல் கதையில் உளவு பார்க்கும் நாயகி: நம்பும்படி எழுத முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ரீஜென்சி காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நடக்கும் காதல் தொடர் ஒன்றை எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள். நாயகி யாருக்கும் தெரியாமல் உளவு பார்க்கிறாள். முதல் அத்தியாயங்களைப் படித்த தோழி, "அந்தக் காலத்துல ஒரு பொண்ணு தனியா தெருவுக்கே போக முடியாது, இவ உளவு பாக்குறாளா?" என்று சிரித்துவிட்டார். இது நடக்கக்கூடியதுதானா, நடக்கும் என்றால் எப்படி எழுதுவது என்று கேட்கிறீர்கள்.

தோழி சொன்னதில் பாதி சரி. லண்டன் மேட்டுக்குடியில் மணமாகாத இளம்பெண் துணையில்லாமல் நடமாடினால் பேர் கெட்டுவிடும். அதனால் ஆண் வேடம் போட்டு, மாடியிலிருந்து கயிறு கட்டி இறங்கும் காட்சியை எடுத்துவிடுங்கள். அவளுக்கு வீட்டுக்குள்ளேயே போதுமான வேலை இருக்கிறது. அன்றைய உளவில் பெரும்பகுதி கடிதத்தில்தான் நடந்தது. கடிதம் எழுதுவது, நகலெடுப்பது, மடிப்பது, அரக்கு உருக்கி முத்திரை வைப்பது எல்லாமே ஒரு சீமாட்டி காலைப் பலகாரம் முடிந்ததும் மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலைகள். கணவனோ அண்ணனோ எட்டிக்கூடப் பார்க்காத வேலைகள். உங்கள் நாயகியின் ஆயுதம் அங்கே இருக்கிறது, கைத்துப்பாக்கியில் இல்லை.

முதலில் எந்த வருடம் என்று முடிவு செய்யுங்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநிலை பிறழ்ந்ததால் அவர் மகன் அரசப் பிரதிநிதியாக ஆண்ட காலம் இது. 1811 பிப்ரவரி 5-ல் தொடங்கி, மன்னர் இறந்த 1820 ஜனவரி 29-ல் முடிகிறது. ஒன்பது வருடமும் ஒரே மாதிரி இல்லை. 1814 ஏப்ரல் வரை நெப்போலியனோடு போர். 1815-ல் அவர் எல்பா தீவிலிருந்து தப்பி வந்ததும் மறுபடி சில மாதம் போர். அதற்குப் பிறகு அரசாங்கத்தின் ஒற்றர்கள் சொந்த நாட்டுத் தொழிலாளிகள் பக்கம் திரும்பிவிட்டார்கள். "ரீஜென்சி காலம்" என்று பொதுவாக எழுதிவிட்டு, 1818-ல் பிரெஞ்சு ஒற்றனைத் துரத்தினால் விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே மூடிவைத்துவிடுவார். என்னைக் கேட்டால் 1811-க்கும் 1812-க்கும் நடுவில் வையுங்கள். காரணம் கீழே வருகிறது.

அந்தக் காலத்தில் உளவு பார்ப்பது கேவலமான தொழில். நம் சினிமாவில் ரகசிய ஏஜெண்டுக்கு இருக்கிற மவுசு அன்று யாருக்கும் கிடையாது. கௌரவமான ஆண்மகன் பிறர் கடிதத்தைப் படிக்க மாட்டான், வேடம் போட மாட்டான். நெப்போலியனின் படைகளை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படையில் கோல்க்ஹூன் கிரான்ட் என்ற அதிகாரி இருந்தார். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பிரெஞ்சுப் படைகளின் நடுவே புகுந்து தகவல் சேகரிப்பதுதான் வேலை. ஆனாலும் தன் ராணுவச் சீருடையிலேயே போவார். சீருடையில் பிடிபட்டால் போர்க் கைதி. மாறுவேடத்தில் பிடிபட்டால் ஒற்றன், மரணம். 1812 ஏப்ரலில் பிடிபட்டார். அவரைப் பிரெஞ்சுத் தளபதி மரியாதையோடு நடத்தினார். கூட வந்த ஸ்பானிய வழிகாட்டி லியோனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஒரே வேலை, ஒரே பயணம். ஒருவருக்கு விருந்து, இன்னொருவருக்குக் குண்டு.

இதை நாயகிக்குப் பொருத்திப் பாருங்கள். அவளுக்குச் சீருடை கிடையாது. மாட்டினால் அவள் உயிர் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அவளைக் காதலிக்கிறவனின் பேரும் சேர்ந்து போகும், தங்கைகளுக்குக் கல்யாணம் நடக்காது. அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம். நிறைய கதைகளில் நாயகி சும்மா ஒரு பிடிவாதத்துக்காக உண்மையைச் சொல்லாமல் இழுத்தடிப்பாள். பாதிக் கதைக்கு மேல் வாசகருக்கு எரிச்சல் வரும். சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தால் எரிச்சல் வராது.

சரி, வரவேற்பறையும் உளவும் உண்மையிலேயே அவ்வளவு பக்கத்தில் இருந்தனவா? இருந்தன. அந்தக் காலத்து நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினே ஒரு சர்வதேச உளவாளியின் வீட்டுக்கு மாலை விருந்தினராகப் போயிருக்கிறார். 1811 ஏப்ரலில் லண்டனில் அண்ணன் ஹென்றி வீட்டில் தங்கியிருந்தார். ஹென்றியின் மனைவி எலைசாவுக்கு, புரட்சிக்குப் பயந்து ஓடிவந்த பிரெஞ்சுப் பிரபுக்கள் பலர் நண்பர்கள். அவர்களில் ஒருவர் கோம்ட் தாந்த்ரேக் (கோம்ட் என்பது பிரபுப் பட்டம்). ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கக் கிளம்பினார்கள். ஹைட் பார்க் வாசல் பக்கம் புதிதாகச் சரளை கொட்டியிருந்ததால் குதிரைகள் ஏற மறுத்தன. இறங்கி நின்றதில் எலைசாவுக்குச் சளி பிடித்துக்கொண்டது. அந்த வயதான கோம்ட் பார்க்க அழகாக இருக்கிறார், அமைதியானவர், நிறைய விஷயம் தெரிந்தவர், நல்ல ஓவியங்கள் வைத்திருக்கிறார் என்ற தோரணையில் ஜேன் தன் அக்காவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

அந்த மனிதர் வாழ்நாள் பூராவும் பல அரசுகளுக்குத் தகவல் விற்றவர். 1797-ல் இத்தாலியில் நெப்போலியன் ஆட்களிடமே மாட்டி, தப்பித்தவர். தப்பிக்கத் துணை நின்றவர் அவர் மனைவி சென்ட் ஊபர்ட்டி, பாரிஸ் ஓபராவில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பாடகி. இந்தத் தம்பதி லண்டனை ஒட்டிய பார்ன்ஸ் கிராமத்தில் தேம்ஸ் கரையோரம் குடியிருந்தார்கள். 1812 ஜூலை 22 காலை, லண்டன் போக வண்டி ஏறப் போகிற நேரத்தில், லொரென்சோ என்ற இத்தாலிய வேலைக்காரன் இருவரையும் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு செத்தான். வேலையை விட்டு நீக்கப் போகிறார்கள் என்ற கோபமா, யாராவது ஏவிவிட்டார்களா என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதே 1812 ஜூலை 22-ல்தான் ஸ்பெயினில் சலமன்காவுக்கு வெளியே வெலிங்டன் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். ஒரே நாளில் அங்கே பெரும் வெற்றி, இங்கே ஒரு வீட்டு வாசலில் மூன்று பிணங்கள். கதாசிரியர் கற்பனையாக எழுதினால் நம்ப மாட்டார்கள். வரலாறு சும்மா கொடுக்கிறது. 1811, 1812 என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலைசாவையும் கொஞ்சம் கவனியுங்கள். 1761-ல் கல்கத்தாவில் பிறந்தவர், வாரன் ஹேஸ்டிங்ஸின் ஞானமகள். முதல் கணவர் பிரெஞ்சுக்காரர். 1794-ல் கில்லட்டினில் தலை போனது. பிறகு ஜேனின் அண்ணன் ஹென்றியை மணந்தார்; அவர் பிற்பாடு லண்டனில் வங்கிக்காரர் ஆனார். பிரெஞ்சு சரளம், வீட்டில் இசை விருந்து, வந்துபோகிறவர்களில் பாதிப் பேர் ஊர்விட்டு ஊர் வந்த பிரபுக்கள். எலைசா உளவு பார்த்தார் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது, அவர்மேல் அப்படி எதையும் ஏற்றிவிடாதீர்கள். ஆனால் அவரைப் போன்ற ஒரு நிலையில் உங்கள் நாயகியை வைத்தால், கதையின் முதல் பத்துப் பக்கத்திலேயே அவளுக்கு எல்லா வாசலும் திறந்திருக்கும்.

இன்னும் உயரத்தில் ஆள் வேண்டுமென்றால் டாரதியா லீவன் இருக்கிறார். 1812-ல் ரஷ்யத் தூதரின் மனைவியாக லண்டன் வந்தவர். ஆல்மாக்ஸ் நடன அரங்குக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானித்த சீமாட்டிகளில் ஒருவர். அந்த அனுமதிச் சீட்டுக்காகப் பிரபுக் குடும்பங்களே தவம் கிடந்தன. அவர் எழுதிய கடிதங்களில் லண்டன் அரசியல் முழுக்க இருக்கும். 1818-ல் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கோடு காதல் ஏற்பட்ட பிறகு, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல உறை போட்டு, ஒவ்வொன்றின் மேலும் வேறு முகவரி எழுதி, தூதரக ஆட்கள் வழியாக அனுப்பினார். அப்படியும் வழியில் பிரெஞ்சு ரகசியப் போலீஸ் பிரித்துப் படித்து நகல் எடுத்தது. காதல் கடிதமும் அரசியல் அறிக்கையும் ஒரே தாளில். உங்கள் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம், பலரும் மறந்துவிடும் ஆள் வேலைக்காரி. 1814 செப்டம்பரில் வியன்னாவில் ஐரோப்பிய அரசர்கள் எல்லாம் மாநாட்டுக்குக் கூடியபோது, ஆஸ்திரியப் போலீஸ் தலைவர் ஹாகர், வீட்டு வேலைக்காரர்களுக்குப் பணம் கொடுத்து குப்பைக் கூடையிலும் கணப்பு அடுப்பிலும் கிடந்த கிழித்த காகிதங்களைச் சேகரித்து ஒட்டவைத்தார். ஆங்கிலேயர்கள் உஷாராகி, வேலைக்காரிகள் இரண்டு பேரைத் தாங்களே தனியாக அமர்த்திக்கொண்டார்கள். அந்த இரண்டு பெண்களையும் வளைக்க முடியுமா என்று பார்த்த பிறகுதான் அந்த வீட்டுக் காகிதம் கிடைக்கும் என்று போலீஸ் தரப்பில் புலம்பியிருக்கிறார்கள். ஒரு பேரரசின் ரகசியம் இரண்டு வேலைக்காரிகள் கையில். நாயகி சீமாட்டியாகவே இருக்கட்டும். ஆனால் அவளைக் கண்டுபிடிக்கப் போவது யார் என்று யோசிக்கும்போது, தினமும் அவள் அறையில் சாம்பல் அள்ளுகிற பெண்ணை மறக்காதீர்கள். அவளுக்கு ஒரு பெயரும் ஒரு ஊரும் கொடுங்கள்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கதையே இதில்தான் நிற்கும். அன்றைக்குச் சாதாரணக் கடிதத்துக்கு உறை கிடையாது. எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கட்டணம். உறை போட்டால் அது இரண்டாவது தாள், கட்டணம் இரட்டிப்பு. பெரும்பாலும் காசு கட்டுவது அனுப்புகிறவர் இல்லை, வாங்குகிறவர். அதனால் ஒரே பெரிய தாளில் எழுதி, இடம் போதவில்லையென்றால் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்காக இன்னொரு பக்கம் எழுதுவார்கள். பிறகு மூன்றாக மடித்து, ஓரத்தை ஓரத்துக்குள் செருகி, அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை பதிப்பார்கள். துக்க வீடென்றால் கறுப்பு அரக்கு. அவசரமென்றால் மாவில் செய்த சின்ன வில்லையை ஈரப்படுத்தி ஒட்டுவார்கள்.

இந்த முத்திரையைத் தடம் தெரியாமல் பிரித்து ஒட்டுவதற்கென்றே அரசாங்கம் ஆள் வைத்திருந்தது. லண்டன் லம்பார்ட் தெருத் தலைமைத் தபால் நிலையத்துக்குள் ரகசிய அலுவலகம் ஒன்று இயங்கியது. வெளிநாட்டுத் தபால், குறிப்பாகத் தூதர்களின் தபால், அங்கே பிரிக்கப்படும். முத்திரையை அச்செடுத்துப் போலி செய்யும் ஆள், நகலெடுக்கும் ஆள், மொழிபெயர்க்கும் ஆள் எல்லோரும் உண்டு. சங்கேதத்தில் இருந்தால் அவிழ்க்கும் பிரிவுக்குப் போகும். அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக வில்ஸ் என்ற ஒரே குடும்பம் பார்த்தது. ஆரம்பித்து வைத்தவர் பிற்பாடு பிஷப் ஆனார் என்பது தனிக் கூத்து. 1844-ல் இத்தாலியப் புரட்சிக்காரர் மாஸ்ஸினியின் கடிதத்தைப் பிரித்த விஷயம் நாடாளுமன்றத்தில் வெடித்த பிறகுதான் இந்தக் கடையை மூடினார்கள்.

உள்நாட்டுக் கடிதத்தைப் பிரிக்க மட்டும் அமைச்சர் ஒருவரின் ஆணை தேவை. இந்த ஓட்டையில் உங்கள் நாயகி நுழையலாம்.

அவள் பிரான்சுக்கு நேராகக் கடிதம் போட்டால் லம்பார்ட் தெருவில் மாட்டும். கென்ட் கடற்கரையில் டீல் என்ற ஊரில் ஒரு சத்திரக்காரிக்குப் போட்டால் மாட்டாது. டீல் படகோட்டிகள் கடத்தலில் கைதேர்ந்தவர்கள். துடுப்புப் படகில் தங்க கினி நாணயங்களை ஏற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் போய்விடுவார்கள். நெப்போலியனுக்குத் தங்கமும் தேவை, ஆங்கிலச் செய்தித்தாளும் தேவை. அதனால் எதிரி நாட்டுக் கடத்தல்காரர்களுக்கென்றே 1810-ல் டன்கர்க்கிலும், அடுத்து கிராவலீனிலும் தனிக் குடியிருப்பே ஒதுக்கிக் கொடுத்தார். போர் உச்சத்தில் இருக்கும்போது எதிரி மண்ணில் ஆங்கிலேயர்கள் ஜின் வாங்கிக்கொண்டு ஜாலியாக உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் லண்டனிலிருந்து டீல் வரை அரசாங்கத் தபால் வண்டியில் போகும், மிச்சம் கடத்தல் படகில்.

இதில் காதலை எப்படி நுழைப்பது? நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இலவசத் தபால் சலுகை இருந்தது. கடிதத்தின் வெளியே உறுப்பினர் கையெழுத்திட்டால் வாங்குகிறவர் காசு கட்ட வேண்டாம். ஏமாற்று வேலை அதிகமானதால் 1784-லிருந்து ஒரு நிபந்தனை: முழு முகவரி, ஊர், தேதி எல்லாவற்றையும் உறுப்பினர் தன் கைப்படவே எழுத வேண்டும். 1795-ல் நாளைக்குப் பத்துக் கடிதம் என்று அளவும் வந்தது. விருந்துக்கு வந்த உறுப்பினரிடம் வீட்டுப் பெண்கள் "ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்களேன்" என்று கேட்பது சர்வ சாதாரணம்.

நாயகனை நாடாளுமன்ற உறுப்பினர் ஆக்குங்கள். வாரம் ஒரு முறை அவள் மடித்து முத்திரையிட்ட தாளை நீட்டுகிறாள். டீல் ஊரில் இருக்கும் பழைய செவிலித்தாய்க்கு என்கிறாள். அவன் வாத்து இறகைக் கூராக்கிக்கொண்டு, தன் அழகான கையெழுத்தில் முகவரியும் தேதியும் எழுதுகிறான். அவள் பக்கத்தில் நிற்கிறாள். அவன் வேண்டுமென்றே மெதுவாக எழுதுகிறான். வாசகருக்கு இது காதல் காட்சி. ஆனால் ஒவ்வொரு கடிதமும் அவன் கைப்பட எழுதிய, தேதியிட்ட தேசத் துரோகச் சான்று. அது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. காதல் ஏற ஏற அவளுக்கு அந்தத் தாளை நீட்டும் கை நடுங்கும். ஒரு நாள் "இன்றைக்குக் கடிதம் இல்லை" என்பாள். அவன் முகம் வாடும். துப்பாக்கி, துரத்தல் எதுவும் இல்லாமலே கதைக்கு முறுக்கேறிவிட்டது, பார்த்தீர்களா?

அவள் ஏன் இதைச் செய்கிறாள் என்பதற்குப் பேராசையையோ தேசபக்தியையோ தேட வேண்டியதில்லை. 1803-ல் போர் மறுபடி மூண்டதும், பிரான்சில் சுற்றிப் பார்க்கப் போயிருந்த ஆங்கிலேய ஆண்களை நெப்போலியன் அப்படியே பிடித்து வைத்துவிட்டார். வெர்டன் நகரில் அவர்கள் 1814 வரை பதினோரு வருடம் கிடந்தார்கள். போர்வீரர்கள் இல்லை; சுற்றுலா போனவர்கள், வியாபாரிகள். நாயகியின் ஒரே தம்பி அங்கே இருக்கிறான் என்று வையுங்கள். பதினெட்டு வயதில் போனவனுக்கு இப்போது இருபத்தாறு. லண்டனிலிருந்து செய்தி வந்தால் அவனுக்கு நல்ல அறையும் சாப்பாடும், வராவிட்டால் கோட்டைச் சிறை. அவள் செய்வது தப்பு என்று வாசகர் சொல்லவும் முடியாது, சரி என்று சொல்லவும் முடியாது. இதற்கு மேலே, அவள் அனுப்புவதில் பாதியைப் பிரிட்டிஷ் அரசே எழுதிக்கொடுக்கிறது என்ற இரட்டை உளவுத் திருப்பமும் வைக்கலாம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. நாயகியின் கையைக் கழுவிவிட எழுத்தாளர் செய்யும் சமாதானம்போல் இருக்கும். அவள் உண்மையிலேயே பாதி குற்றவாளியாக இருந்தால்தான் கடைசியில் அவன் மன்னிப்பதற்கு ஒரு கனம் இருக்கும்.

சங்கேதம் வைப்பதானால் எளிதாக வையுங்கள். வெலிங்டனின் படையில் ஜார்ஜ் ஸ்கோவெல் என்ற அதிகாரி, பிரெஞ்சுக்காரர்களின் பெரிய பாரிஸ் சங்கேதத்தை 1812-ல் பெருமளவு அவிழ்த்தார். அதில் 1400 எண்கள். ஒவ்வொன்றும் ஒரு சொல் அல்லது அசை. அவ்வளவு பெரிய பூட்டு எப்படித் திறந்தது என்றால், பிரெஞ்சு அதிகாரிகளின் சோம்பேறித்தனத்தால். கடிதம் முழுவதையும் எண்ணாக மாற்றாமல், முக்கியமான சொல்லை மட்டும் எண்ணில் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாதாரண பிரெஞ்சில் எழுதினார்கள். பக்கத்தில் இருக்கும் சொற்களை வைத்து எண்ணின் பொருளை ஊகிக்க முடிந்தது. நாயகியும் அப்படி ஒரு அவசர நாளில், களைப்பில், ஒரு வரியை மட்டும் மாற்றாமல் விட்டுவிடலாம். பிடிபடுவதற்கு அது போதும்.

விசிறி மொழி வேண்டாம். விசிறியை இடது கன்னத்தில் வைத்தால் ஒரு பொருள், மூடினால் இன்னொன்று என்கிற பட்டியல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு விசிறிக் கம்பெனி வியாபாரத்துக்காகப் பரப்பியது. 1797-லேயே லண்டனில் பேசும் விசிறி என்று ஒரு விளையாட்டுப் பொருள் விற்றதும் உண்மைதான். ஆனால் செய்முறை விசிறியிலேயே அச்சடித்து எல்லோருக்கும் விற்கிற ஒன்று ரகசியம் ஆகுமா?

செய்திக்கு இருந்த சந்தை மதிப்பையும் ஒரு இடத்தில் தொட்டுக்காட்டலாம். 1814 பிப்ரவரி 21 அன்று சீருடை போட்ட ஒருவன் டோவரில் வந்து இறங்கி, நெப்போலியன் செத்தாச்சு என்று சொல்லிவிட்டு லண்டனுக்கு வண்டி கட்டினான். டீல் துறைமுகத் தளபதி கடற்படைத் தலைமையகத்துக்குத் தந்திக் கோபுரம் வழியாகச் சொல்லியிருப்பார்; அன்றைக்குப் பனிமூட்டம். குன்றுக்குக் குன்று பலகைக் கதவுகளைத் திறந்து மூடிச் செய்தி அனுப்புகிற ஏற்பாடு அது, கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒன்றும் நடக்காது. இருந்தாலும் அரசுக் கடன் பத்திரங்களின் விலை சட்டென்று ஏறியது, பொய் என்று தெரிந்ததும் இறங்கியது. இடையில் விற்றவர்கள் நல்ல காசு பார்த்தார்கள். நாயகியின் மாமா பங்குச் சந்தைக்காரராக இருந்தால் அவள் கையில் வரும் தகவலுக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு.

போருக்குப் பிந்திய காலம்தான் வேண்டும் என்றால் 1817-ஐ எடுங்கள். கதை இருண்டுவிடும், ஆனால் இதை அதிகம் பேர் எழுதுவதில்லை. உள்துறை அமைச்சர் சிட்மவுத் அனுப்பிய ஆலிவர் என்பவன் வடக்கே ஊர் ஊராகப் போய், லண்டனே கிளம்பத் தயார் என்று நெசவாளிகளை உசுப்பிவிட்டான். ஜூனில் பென்ட்ரிச் கிராமத்து ஆட்கள் ஈட்டியோடு மழையில் கிளம்பி மாட்டினார்கள். ஆலிவரின் வேடம் கலைந்தது எப்படித் தெரியுமா? வேக்ஃபீல்டில் ராணுவ ஜெனரல் பிங்கின் வேலைக்காரனோடு அவன் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்கள். லீட்ஸ் பத்திரிகை அதை வெளியிட்டு மானத்தை வாங்கியது. அப்படியும் நவம்பர் 7 அன்று டார்பியில் மூன்று பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. முந்தின நாள்தான் இளவரசி ஷார்லட் பிரசவத்தில் இறந்திருந்தார். நாடு பூராவும் கறுப்புத் துணிக்கு அலைந்தது, அந்த மூவருக்காக இல்லை. இந்த வருடத்தில் உங்கள் நாயகி ஒரு ஆலை முதலாளியின் மகளாக, உளவாளியை உளவு பார்க்கிறவளாக இருக்கலாம்.

நம் ஊர்த் தொடர்பு வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. வலிந்து நுழைக்கவும் வேண்டாம். ஆனால் இயல்பாகவே ஒரு கதவு இருக்கிறது. வெலிங்டன் உளவின் அருமையைப் படித்த முதல் இடம் மைசூரும் தக்காணமும். அங்கே ஹர்காராக்கள் என்ற ஓட்டத் தூதர்களை வைத்துத்தான் எதிரியின் நடமாட்டத்தை அறிந்தார். 1806-ல் வேலூர்க் கலகம் நடந்தபோது சென்னை கவர்னராக இருந்து, அதனாலேயே திருப்பி அழைக்கப்பட்ட வில்லியம் பென்டிங்க், 1811-ல் சிசிலியில் பிரிட்டிஷ் தளபதி. ஆகவே சென்னைப் படை அதிகாரி ஒருவரின் இளம் விதவையாக நாயகியை லண்டனில் இறக்கினால் வரலாறு தடுக்காது.

விதவை என்பதில் வேறு வசதியும் உண்டு. கன்னிப்பெண்ணுக்குத் துணை வேண்டும். மனைவிக்குச் சட்டப்படி தனி ஆள் என்ற நிலையே கிடையாது, அவள் சொத்தும் சம்பாத்தியமும் கணவனுடையவை. விதவை மட்டும் தன் வீட்டில், தன் பெயரில், தன் பணத்தில் இருக்கலாம், தனியாக வண்டியில் போகலாம். கறுப்பு அரக்கு முத்திரையைப் பிரிக்க எவனுக்கும் கை கூசும். மறுமணம் செய்தால் இந்தச் சுதந்திரம் முழுக்கப் போய்விடும். ஆக, நாயகன் கல்யாணம் பேசும்போது அவள் தயங்குவதற்கு உளவு மட்டும் காரணமாக இருக்காது. அந்தத் தயக்கத்தை அவன் தப்பாகப் புரிந்துகொள்ளவும் இடம் இருக்கிறது.

ரகசியத்தை வாசகரிடம் எப்போது சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சீக்கிரம் சொல்லிவிடுங்கள், மூன்றாம் அத்தியாயத்துக்குள். காதல் கதை படிக்கிறவர் துப்புத் துலக்க வரவில்லை. அவன் முகவரி எழுதும்போது அவள் மனசில் ஓடுவதைத் தெரிந்துகொள்ளத்தான் வருகிறார். அவனுக்கு மட்டும் தெரியக்கூடாது. அவன் தானாகக் கண்டுபிடிப்பதா, அவள் வாயால் சொல்வதா என்றால், கட்டாயம் அவள்தான் சொல்ல வேண்டும், அதுவும் தாலி கட்டுவதற்கு முன்னால் என்று நாம் சொல்வோமே, அந்த நேரத்துக்குள். மணமான பிறகு சொன்னால் அவனுக்குத் தப்பிக்க வழியில்லை. விவாகரத்துக்கு நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டிய காலம் அது.

இதற்கு 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஒரு கடிகாரத்தைத் தயாராக வைத்திருக்கிறது. உரிமம் வாங்காத கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் உரிமம் வாங்கி இதைத் தவிர்த்துவிடுவார்கள். நாயகி அறிவிப்பே போதும் என்கிறாள். சிக்கனம் போல என்று அவன் நினைக்கிறான். அவளுக்கு மூன்று வாரம் கிடைத்துவிட்டது. முதல் ஞாயிறு சொல்ல வாய் வராது. இரண்டாவது ஞாயிறுக்கு முன்னால் டீல் சத்திரக்காரியிடமிருந்து ஒரு கடிதம் வரட்டும், முத்திரை கொஞ்சம் கோணலாக.